பி பக்கம்

பட்டர்வொர்த்தில் வேன் ஃபெரி ஏறியபோது
டிரம்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.
வயது பத்தொன்பது. வார இதழ் தந்த அட்டையில்
என் பெயர் 'யோகமலார்' என்று இருந்தது.

காற்றுக்கு ரவீன் தன் ஜாக்கெட்டைத் தந்தான்.
பேஸ் வாசிக்கும் ஆ லியோங் பாதி கரிபாப்.
ஷாருல் மட்டும் ஒன்றும் தரவில்லை,
குச்சியால் ஃபெரிக் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தான்.
நாலே நாளில் அவர்களுடைய கெட்ட வார்த்தைகள்
மூன்று மொழியிலும் எனக்கு அத்துப்படி.

சூலியா ஸ்ட்ரீட் விடுதி.
ஒரு பக்கம் மட்டும் திரும்பும் விசிறி.
பேட்டியை எழுத கேசட்டைத் திருப்பிப் போட்டால்
நிறுத்த மறந்திருக்கிறேன்;
நான் கழிவறைக்குப் போன ஐந்து நிமிடமும் அதில்.
கிளாஸ் சத்தம். சிரிப்பு. பிறகு ரவீன்:
"அது நம்ம புள்ளலா. நல்லாத்தான் எழுதும்.
ஜாக்கெட் குடுத்தாச்சே."

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன்.
மறுபடியும்.
ஷாருலின் குரல் எங்கும் இல்லை,
மேசையில் விரல் தட்டுவது மட்டும்.

கீழே நாசி கண்டார் கடையில்
குழம்புக் கரண்டி விடியும்வரை ஓயவில்லை.
ஜாக்கெட்டை மடித்துவைத்தேன்.
நல்ல ஜாக்கெட். அதன் சிகரெட் வாசம்கூடப் பிடித்திருந்தது,
அதை ஏன் மறைப்பது.

அப்புறம்தான் முதல் வரி வந்தது:
மூன்றாம் பாட்டில் கிதாரின் இரண்டாம் தந்தி
சுதி இறங்கியிருந்தது.
இருநூறு பேர் கைதட்டினார்கள்.
நானும்.