பச்சைப் பொய்

பொகோத்தா, ஹிமெனெஸ் சாலை, நாலாம் மாடி.
லிப்ட் ஓடாத வியாழக்கிழமை.
மூச்சு வாங்க ஏறி வந்த நூபியா பச்சோன்
மோதிரத்தை என் மேசையில் வைத்த கையோடு சொன்னாள்:
"போலி என்று எழுதிக் கொடுங்கள்."

இங்கே வருகிறவர்கள் எல்லாம்
அசல் என்று கேட்கத்தான்
நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு உட்காருவார்கள்.
பதினாறு வருஷத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள் இவள்.

கல்லைக் கழற்றினேன்.
இரண்டேகால் காரட். பட்டைகள் கோணல்.
ஒளிவிலகல் எண் ஒன்று புள்ளி ஐந்து எட்டு.
"கண்ணாடி இல்லை" என்றேன்.
"அப்படியானால் உலைக்கல்" என்றாள், உடனே.

இருக்கலாம்தான்.
உலையிலும் மரகதம் பிறக்கும்.
பிளாட்டினக் கிண்ணத்தில், உருகிய உப்புக் குழம்பில்,
ஒரு பிள்ளைக்கு ஆகிற மாதங்கள்.
அவசரப்படுத்தினால் கலைந்துவிடும்.
அதே பெரிலியம், அதே குரோமியம்.
அதைப் பொய் என்று நான் சொல்வதில்லை;
தாய் வேறு, அவ்வளவுதான்.
உள்ளே முறுக்கிய புகைத்திரை தெரியும்,
சில சமயம் கிண்ணத்திலிருந்து உதிர்ந்த
பிளாட்டினத் துணுக்கு.
வெந்நீரும் அழுத்தமும் வளர்த்ததென்றால்
அம்புமுனை அம்புமுனையாய்க் கோடுகள்.

அவற்றைத்தான் தேடினேன்.
அவளுக்காகவும் தேடினேன், மறைப்பானேன்.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.
எவெலியோ, அவள் புருஷன், மூஸோவில்
இடுப்பளவு ஆற்றில் நின்று
சுரங்கம் தள்ளிய கருமண்ணைக் கழுவினான்.
பதினோரு வருஷம்.
மாதாமாதம் ஒரே சேதி: ஒன்றும் அகப்படவில்லை.
தையல் மெஷின் போனது.
பெரியவள் பள்ளியை விட்டு
சிக்கின்கிராவில் பாத்திரம் கழுவப் போனாள்.
சாவதற்கு முந்தின வாரம் இதைக் கொடுத்தானாம்:
"சந்தையில் வாங்கின விளையாட்டுக் கல். போட்டுக்கொள்."

நாற்பது மடங்குப் பெருக்கத்தில்
இடது ஓரமாய் அகப்பட்டது.
ரம்பப்பல் விளிம்போடு ஒரு குழி.
குழியில் உப்புநீர்,
நீரில் ஒரு குமிழி,
குமிழியை ஒட்டி
சதுரமாய் ஒரு உப்புக்கட்டி.
கொஞ்சம் தள்ளி, பழுப்பு மஞ்சளில் பாரிசைட்:
மூஸோ மலை போடுகிற கையெழுத்து.
விரிசல்களில் எண்ணெய் இல்லை.
வியாபாரி கை படாத கல்.

சொன்னேன்.

"மறுபடி பாருங்கள்."

நுண்ணோக்கியை அவள் பக்கம் திருப்பினேன்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள்.
வெகுநேரம் நிமிரவில்லை.
கீழே சாலையில் யாரோ
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

விலை கேட்பாள் என்று காத்திருந்தேன்.
"எந்த வருஷம் எடுத்தான்
என்று உங்கள் மெஷின் சொல்லுமா?"

மூன்றரைக் கோடி வருஷம் என்று சொல்லும்.
பதினொன்றில் எது என்று சொல்லாது.

சான்றிதழைத் தட்டச்சு செய்து முடித்தபோது
கல்லைத் தாளிலேயே விட்டுவிட்டு
வெறும் வளையத்தை
விரலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.