அரை டிக்கெட்

கடையம் பஸ்ஸில் அவனுக்கு அரை டிக்கெட் போட்டார்கள்.
இங்கே கால் டிக்கெட்டும் கிடையாது.
போஸ்டரின் மூலையில் வட்டத்துக்குள் ஒரு 'ஏ'.
நாயகனின் முழங்கை அதைப் பாதி மறைத்திருந்தது,
சட்டத்துக்குத் தெரியும், கண்ணுக்குப் படாது
என்கிற அளவில்.

அம்பாசமுத்திரம். மேட்னி. சித்திரை வெயில்.
பதினோரு வருஷமாக இந்தக் கேட்டில் நான்.
முன்கழுத்தில் ஊக்கு குத்திய சிவப்புத் துண்டு
முதுகில் பறக்க, அவன் படியேறி வந்தான்.
பையில் அந்த நாயகன்.
தண்ணீர் பாட்டிலில் அந்த நாயகன்.
செருப்பில், பாதி தேய்ந்துபோய், அவனேதான்.

'வயசு என்னல?'
'ஒம்பது.' அம்மாவைப் பார்த்துவிட்டு, 'பத்து.'

அம்மா முப்பிடாதி. முக்கூடலில்
பீடிக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவள்.
'பையில படம் போட்டு வித்தாம்லா,
அப்ப வயசு கேட்டானா?' என்றாள்.
'அழுகுன வாயிப் படத்த நாளெல்லாம் ஒட்டுதேன்.
லீவுக்கு இவன் பக்கத்துல இருந்து எண்ணித் தாரான்.
அங்கன எந்தக் கேட்டுலயும் ஆளு நிக்கலயே அண்ணாச்சி.'

நான் படத்தை ஆறு தடவை பார்த்தாயிற்று.
வானத்திலிருந்து இறங்கி வந்து
ஒருவனுடைய தாடையைக் கழற்றி
அவன் கையிலேயே கொடுக்கிறான். விசில் பறக்கிறது.
போன படத்தில் இதே ஆள்
ஆற்றில் விழுந்த பள்ளிக்கூட வேனைத் தூக்கினான்.
பால்வாடிப் பிள்ளைகள் சேர்மேல் ஏறி நின்று கத்தின.
முறுக்கு இரண்டு கூடை தீர்ந்தது.
இப்போது முறுக்கு நமுத்துப்போகிறது.
முதலாளிக்கு அதுதான் சங்கடம்.
ஆபரேட்டர் சைமன் வேறு சொல்வான்:
'குத்துனா ரத்தம் வரும்லா?
வராமக் காட்டுனாத்தான் பொய்யி.
பிள்ளைய அதுலதான் கெட்டுப்போகும்.'
இரண்டு பேருக்கும் தலையாட்டிப் பழகியவன் நான்.

ஆறு வயதில், கொடைக்கு,
அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தேன்.
ஏழு கிடா. எண்ணியது நினைவிருக்கிறது.
வில்லடிக்கிறவர் ஒரு சாவை நீட்டி நீட்டிப் பாட
பொரிகடலை தின்றபடி கொட்டாவி விட்டேன்.
என் வயதை யாரும் கேட்கவில்லை.
நடுச்சாமத்தில் சாமி பந்தம் ஏந்தி
சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பியதும்
அப்பா என்னைக் கீழே இறக்கித்
தன் துண்டால் முகத்தை மூடினார்.
வியர்வை, சுண்ணாம்பு, மஞ்சணை வாசனை.
நான் கண்ட முதல் சான்றிதழ் அந்தத் துண்டு.
எந்த நேரத்தில் அது விழவேண்டுமென்று
அப்பாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?
நல்லது செய்தாரா என்பதும் தெரியவில்லை.
கிடாக்கள் ஒருநாளும் கனவில் வந்ததில்லை.
துண்டுக்கு அந்தப் பக்கம் போனதுதான்
இன்றைக்கும் வருகிறது.

உள்ளே விடவில்லை.
டிக்கெட்டைக் கிழிக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.
'நீ வேணா போயிப் பாரு தாயி,
பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்.'
'எனக்கு எதுக்கு அந்தக் கழுத?' என்றாள்.
நாலு பத்துக்குத்தான் அடுத்த பஸ்.
படி நிழலில் உட்கார்ந்தார்கள்.
அவன் கதவில் காதை வைத்தான்.
உள்ளே ஏதோ முறிந்தது, ஏதோ உடைந்தது,
முந்நூறு பெரிய ஆட்கள் சிரித்தார்கள்.

மூத்திரத்துக்கு ஒருவன் கதவைத் திறந்தான்.
சிவப்பு வெளிச்சம் படிவரை வந்தது.
முப்பிடாதியின் கை சட்டென்று நீண்டு
மகன் முதுகில் கிடந்த துண்டை
முன்னால் இழுத்து முகத்தை மூடியது.
இவ்வளவு நேரமும் அது பறப்பதற்காக இருந்தது.

துண்டுக்குள்ளிருந்து கேட்டான்:
'இப்ப செத்தாம்லா, அவன் பேரு என்ன?'

அவள் என்னைப் பார்த்தாள்.
ஆறு தடவை பார்த்தவன் நான்.
கறுப்புச் சட்டை. இடது கையில் வாட்ச்.
விழுந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும்,
ஒரு விநாடி பக்கத்தில் காட்டுவார்கள்.