கும்பிடு

எங்கள் வாய்க்காலுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு.
நூற்றுப் பதினேழு பேர், ஒரே ஷட்டர்.
அதைத் திருகும் சாவி
லஸ்கர் வேலையோடு எனக்கு வந்தது.

ஆவணிக் கடைசியில் தண்ணீர் எட்டிப் பார்த்த அன்று
தலைமடை மாசிலாமணி
இரண்டு மஞ்சள் கைகளைக் கூப்பி அனுப்பினார்.
வயல் நிறைந்துவிட்டது, ஷட்டரை இறக்கு என்று அர்த்தம்.
அதே நிமிஷம் கடைமடை வைரக்கண்ணுவும் அனுப்பினார்,
அதே கைகள், அதே மஞ்சள்.
நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது, ஏற்று என்று அர்த்தம்.
ஒரு கும்பிடுக்கும் இன்னொரு கும்பிடுக்கும் நடுவே
பதினோரு கிலோமீட்டர்.
நான் பாதி ஏற்றினேன்.
இருவரும் மறுபடி கும்பிட்டார்கள்.
அது நன்றி இல்லை என்பது மட்டும் விளங்கியது.

பிறகு கொஞ்சம் படிக்கப் பழகினேன்.
விடிந்ததும் வந்தால் வணக்கம்,
கூடவே ஒரு ரோஜாவும் முருகனும் இருப்பார்கள்.
மாலை போட்ட படத்துக்குக் கீழே வந்தால் அஞ்சலி.
மூன்று சேர்ந்து தனியாக வந்தால் கைமாற்று.
லூர்துமேரி டீச்சர் அனுப்பினால் ஜெபம்.
உப்பூர் ஜெகபர் அண்ணன் கூப்பமாட்டார்,
ஏந்திய உள்ளங்கைகளை அனுப்புவார்.
"என்ன வேணும்ணே?" என்று நானும் ஒருநாள் கேட்டுவிட்டேன்.
"ஒங்கிட்ட கேக்கலப்பா" என்றார்.

என் அஞ்சுகம் சண்டை முடிவில் ஒன்று அனுப்புவாள்.
அது பெரிய கும்பிடு.
அன்றைக்கு ராத்திரி கடைப் பரோட்டாதான்.

உதவிப் பொறியாளரிடமிருந்து கட்டைவிரல் மட்டும் வரும்.
பார்த்தேன் என்றா, செய்கிறேன் என்றா, போய்யா என்றா?
துருவேறிய திருகுக்கு க்ரீஸ் கேட்டுப் பதினாலு தடவை எழுதினேன்.
பதினாலு கட்டைவிரல் இருக்கிறது.
தேங்காயெண்ணெய் ஊற்றித்தான் திருகுகிறேன்.

ஐப்பசி இருபத்திரண்டு, பின்னிரவு மூன்று பத்து.
வைரக்கண்ணுவின் கைகள். ஒரு வார்த்தை கூட இல்லை.
ஒரு வாரமாக வானம் வெறித்துக் கிடந்ததால்
அன்று சாயங்காலம்தான் முழுசாக ஏற்றிவிட்டிருந்தேன்.
தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது, மனுஷர் குளிர்ந்துபோய்விட்டார் என்று
போர்வைக்குள்ளிருந்தே ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு
புரண்டு படுத்தேன்.
ஓட்டின்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.
காதில் விழுந்தது.
இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை.

ஆவணியில் கொடு.
ஐப்பசியில் எடு.
இரண்டுக்கும் அவரிடம் இருந்தது ஒரே ஜோடிக் கைகள்.

ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.
ஆகாயத்தாமரை வந்து அடைத்த வளைவில்
கரை இரண்டு ஆள் அகலத்துக்குப் பிடுங்கிக்கொண்டிருந்தது.
முப்பது நாள் சம்பாவின் நுனி மட்டும் தெரிந்தது,
மேற்குப் பக்கம் அதுவும் இல்லை, வெறும் வானம்.
திட்டுவார் என்று
வழியெல்லாம் பதில்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன்.
அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்,
கை இரண்டும் சேற்றோடு மண்வெட்டிக் காம்பில்.
"வெரலப் பாத்தேன்" என்றார்.
"நீ கெளம்பிட்டேன்னு நெனச்சு
கரையிலயே ஒக்காந்திருந்தேன்."

அடுக்கி வைத்த எதையும் நான் சொல்லவில்லை.
மூட்டையில் மணல் அள்ளினோம்.

இப்போது குழுவில் எழுத்தில்தான் போடுகிறேன்:
"மட்டம் நாலடி ரெண்டங்குலம்.
முக்கால் இறக்கியாச்சு. நான் மதகுலதான் நிக்கிறேன்."
தப்பும் தவறுமாகத்தான், ஆனால் எழுத்தில்.

இன்று ராத்திரியும் போட்டேன்.
வரிசையாக மஞ்சள் கைகள் வந்தன,
மாசிலாமணி, டீச்சர், பேர் பதியாத இரண்டு நம்பர்,
கடைசியில் வைரக்கண்ணு.
போன வாரம் மூன்று பத்துக்கு வந்ததற்கும் இதற்கும்
ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை.

போன் அடித்தேன்.
சுவிட்ச் ஆஃப்.
டார்ச்சைத் துண்டில் சுற்றிக்கொண்டு
டிவிஎஸ்ஸை உதைக்கிறேன்.
நனைந்த பிளக்,
நாலாவது உதைக்குத்தான் கேட்கும்.