வடக்கிருக்கும் வெயில்

ஈரமானியை முதலில் தெற்குச் சுவரில் வைத்தேன்.
முப்பத்து நான்கு.
கல்லுக்கு அது காய்ச்சல்.

உம்சிண்டோவுக்கு மேலே, கரும்பு முடிகிற சரிவில்
நிற்கிறது இந்தக் கோயில்:
நார்ஃபோக்கில் ஏதோ ஒரு சிற்றூரின்
அறுநூறு வருடத்துக் கோயிலை
ஒரு தாளில் மடித்துக் கப்பலேற்றி
இங்கே வந்து விரித்த மாதிரி.
மடிப்புத் தடம்கூடப் போகவில்லை.

பனி வழுக்கி விழச் செங்குத்தாய்க் கூரை.
எந்தப் பனி?
அம்பு எய்யும் அகலத்தில் கோபுரத்து ஜன்னல்கள்.
யார்மீது என்று கேட்கமாட்டேன்.
பீடத்தருகே சுவரைச் சாய்வாய்த் துளைத்து
ஒரு கண்:
தொழுநோயாளிகள் வெளியே நின்றபடி
அப்பம் உயர்வதைப் பார்க்க, என்பார்கள்.
அதையும் விடாமல் நகலெடுத்திருக்கிறார்கள்.
வீணாகவில்லை.
முப்பது வருடம் தோட்டத்து ஆட்கள்
அதன் வழியாகத்தான் ஆராதனை கண்டார்கள்.
நெற்றி பட்டுப் பட்டு விளிம்புக் கல் வழவழவென்றிருக்கிறது.
விரலை வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.

வாசல் தெற்கே.
அவர்கள் ஊரில் தெற்குதான் வெயில்;
கல்யாணம் அந்த வாசலில்தான்,
கடன் தீர்ப்பதும் அங்கேதானாம்.
வடக்கே ஒரு சின்னக் கதவு,
குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது
பிசாசு வெளியேற.
பிற்பாடு அதைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.
இங்கே அடைத்தே கட்டினார்கள்.

வாசல் தூணில் ஒரு நிழற்கடிகாரம்.
உள்ளங்கை அகல அரைவட்டம், நடுவே குச்சிக்குத் துளை,
தெற்குப் பார்த்த கல்லில்,
பூமியின் தெற்குப் பாதியில்.
பாசி மணி காட்டுகிறது.

கட்டடக் கணக்கு நோட்டு உடுப்பறை பீரோவில் இருந்தது.
பாதிரியார் ஹோல்ட்பியின் கை,
1884, ஆகஸ்ட்:
"கொத்தன் ராக்கப்பன், எண் 31706,
முற்றத்தில் முளையடித்து நிழலளந்துகொண்டு
வேலையை நிறுத்தினான்.
வாசலை மறுபக்கம் வைக்க வேண்டுமாம்.
அபராதம் இரண்டு ஷில்லிங்."
அடுத்த வரி:
"சுண்ணாம்பு, ஒன்பது மூட்டை."

அவன் சங்கு நாட்டித் திசை பிடித்துக்
கோபுரம் எழுப்பிய கூட்டத்தில் இருந்தவனா,
மாட்டுக்கொட்டகை கட்டியவனா, தெரியாது.
பெயர் இன்னும் ஒரே ஒரு தரம் வருகிறது:
"நிழற்கடிகாரம் செதுக்க, ராக்கப்பன், அரை நாள்."
கோடுகளில் பிசிறே இல்லை.
கோபக்காரன் உளி இப்படி ஓடாது.
சிரித்துக்கொண்டே செதுக்கியிருப்பானோ.

சாவி வைத்திருக்கும் நொகுபோங்கா
அதில் தீக்குச்சி செருகிப் பார்த்திருக்கிறாளாம்.
டிசம்பரில் மட்டும்
காலை வெயில் அந்தக் கல்லை உரசும்.
நிழல் ஒன்பதாம் கோடுவரை வரும்,
அதற்குமேல் வராது, கலைந்துவிடும்.
"மத்தியானம் அது பார்த்ததே இல்லை" என்றாள்,
விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தபடி.

வடக்குப் பக்கம் போனோம்.
அடைத்த கதவின் படியில்
அவள் சாப்பாட்டு டப்பா, யாரோ காயவைத்த பாடகர் அங்கிகள்,
ஒரு பூனை.
வடக்கிருத்தல் என்றால் பட்டினி கிடந்து சாவது என்று
டர்பனில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தேன்.
இங்கே வடக்கிருப்பது வெயில்.
ஈரமானி: பதினொன்று.

அறிக்கையில் எழுதினேன்:
தெற்கு வாசல் கசிவைச் சரிசெய்ய இயலும், நிறுத்த இயலாது.
வடக்குக் கதவைத் திறப்பது நல்லது.
செலவுப் பத்தியில், எல்லாவற்றுக்கும் கீழே,
பழைய பாக்கி, இரண்டு ஷில்லிங்
என்று எழுதி,
அடித்தேன்.

அடித்தது தெரிகிற மாதிரியே அனுப்பினேன்.