நாற்பத்தொரு பாகை

வேன் வந்து நின்றபோது பதினொன்றரை.
பதுளையிலிருந்து, அப்பாவின் நினைவுநாள் சாப்பாடு,
முப்பத்தாறு பேருக்கு.
வெள்ளைத் துணியால் வாய் கட்டிய இரண்டு சட்டி.
"விடிய அஞ்சு மணிக்கே இறக்கியாச்சு தங்கச்சி,
வைஃப் ராத்திரி தூங்கவேயில்ல" என்றார் டெரன்ஸ்.
தெமோதரையில் மண் சரிந்து பாதை ஒருவழியாம்.

துணியை அவிழ்த்தேன்.
கோழிக்கறி வாசம் குசினியைத் தாண்டி
எழும்ப முடியாதவர்களின் கட்டில்வரை போனது.

ஊசியைக் கறிக்குள் இறக்கினேன்.
நாற்பத்தொன்று.

"சூடாக்கிக் குடுங்களேன்."
சூட்டில் கிருமி சாகும்,
அது கக்கிவைத்தது சாகாது.
அப்பாவின் படத்தைக் கையில் பிடித்து நிற்கிறவரிடம்
இதை எந்த வாயால் சொல்ல?

ஒரு துண்டை எடுத்துத் தின்று காட்டினார்.
உங்களுக்கு ஒன்றும் ஆகாது அண்ணே,
இங்கே உள்ள வயிறுகள்
பச்சைத்தண்ணிக்கே பயப்படும்.

நான் வேலைக்கு வந்த மாதம்
யாரோ தந்த பாற்சோறு.
ஒன்பது பேர். விடியும்வரை வாளி கழுவினேன்.
எட்டுப் பேர் எழும்பினார்கள்.
பவளக்கொடியின் கட்டிலுக்கு
அடுத்த கிழமை புது விரிப்புப் போட்டேன்.

கொய்யா மரத்துக்குப் பின்னால் குழி.
லயத்தில் ஒரு கோழியை
ஏழு பேருக்குப் பங்கு வைத்த வீட்டுப் பிள்ளை நான்,
எலும்பைக் கடித்து உறிஞ்சிவிட்டுத்தான் போடுவோம்.
சட்டியைக் கவிழ்க்கையில்
கை என் பேச்சைக் கேட்கவில்லை.
மேலே சுண்ணாம்பு. நாய்கள் தோண்டாமல் இரண்டு கல்.

பிறகு முழங்கைவரை சவர்க்காரம்.
ஹப்புத்தளைப் பனியில் மூன்று நாளாய்க் காயாத
கைத்துணிகளை அவித்து
அடுப்புக்கு மேலே விரித்தேன்.
பதிவுப் புத்தகத்தில்
வந்தது: இரண்டு சட்டி. கொட்டியது: இரண்டு சட்டி.
காரணம் என்ற கட்டம் சின்னது,
நாற்பத்தொன்று மட்டும் எழுதினேன்.

ஒன்று இருபதுக்குச் சோறும் பருப்பும்.
ஜெபத்தில் பிலவேந்திரனின் ஆத்துமாவுக்காக என்று
பெயர் சொல்லித்தான் வாசித்தார்கள்.
டெரன்ஸ் கடைசி வாங்கில் இருந்து
அதே பருப்பைச் சாப்பிட்டார்.
என்னைப் பார்க்கவில்லை.

கண் தெரியாத கதிராயி என் சேலையைப் பிடித்தாள்:
"கோழி வாசம் வந்துச்சே?"
பக்கத்து வீட்டில் அக்கா என்றேன்.

பக்கத்தில் வீடு இல்லை,
பள்ளம்தான். அவளுக்கும் தெரியும்.
ஒரு கவளம் உருட்டி வாயில் வைத்து
மெதுவாக மென்று
பருப்பில் உப்புப் பத்தாது என்றாள்.