நிகர எடை

சிப்காட் சாலையில் எடைமேடை என் வேலை.
லாரி ஏறும். எண் ஓடி நிற்கும். சீட்டு கிழிப்பேன்.
சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு சீட்டு.
முன்னதில் பின்னதைக் கழித்தால் வருவதற்குத்தான் காசு.
டிரைவர், ஸ்டெப்னி, டேங்கில் கிடக்கும் டீசல்,
முன்னால் தொங்கும் எலுமிச்சை
எதுவும் சரக்கில் சேராது.

ஞாயிறானால் முதுநகரில்
ஜக்கரியாவின் பழைய பேப்பர் கடை.
கிலோ இருபது ரூபாய்,
வானியலானாலும் வங்கித் தேர்வானாலும்.
கருவாட்டு வாசம் வந்து போகும் சந்தில்
குந்தி உட்கார்ந்து கிளறுவேன்.

முதலில் வாழ்த்துரையைக் கழிப்பேன்.
அப்புறம் அணிந்துரை, பொன்னாடை போர்த்திய படம்,
சொன்னதையே சொல்லும் மூன்றாம் அத்தியாயம்.
சிலதில் கடைசியில் அட்டைதான் மிஞ்சும்.
மிஞ்சியதில்
எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் தேடுவேன்.

புயலைப் பற்றி ஒரு புத்தகம்.
அட்டை இல்லை, நடுவில் கரையான் வெட்டிய கால்வாய்.
கண் கடக்கையில் காற்று நிற்கும் என்றும்
முடிந்ததென்று நம்பி ஜனங்கள் வெளியே வருவார்கள் என்றும்
அடுத்த அடி எதிர்ப்பக்கமிருந்து விழும் என்றும்
எழுதியிருந்தது.
தானே புயல் அடித்த காலையில்
அந்த அமைதியில்தான் பக்கத்து வீட்டு சுலோச்சனா
பறந்த தகரத்தைப் பொறுக்கப் போனாள்.
வடக்கே போன காற்று
தெற்கிலிருந்து திரும்பி வந்தது.
இந்த ஆளிடம் பொய் இல்லை என்றானதும்
வியாழன் கோளில் ஓயாமல் சுழலும் புயலைப் பற்றி
அவர் சொன்னதையும் நம்பினேன்.
போகாத ஊருக்கு
போன ஊரின் சீட்டைக் காட்டி நுழைகிறேன்.

'இது எங்களுக்குத் தெரியவில்லை' என்று
எங்காவது இருக்கிறதா பார்ப்பேன்.
எறும்புப் புத்தகத்தில் மூன்று இடம்.
உப்பின் வரலாற்றில் ஒன்று, அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்.
பங்குச்சந்தையில் ஒன்றுமே இல்லை.
எல்லாம் தெரிந்தவர்.
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.
கணிதத்தில் ஒன்று மட்டும் வீட்டில் கிடக்கிறது.
சரக்கு பெரிதா, என் மேடை சிறிதா
இன்னும் பிடிபடவில்லை.

இப்படிக் கழிக்கத் தெரியாத காலம் இருந்தது.
மஞ்சக்குப்பம் மைதானத்துப் புத்தகச் சந்தை.
பளபளக்கும் அட்டை.
நாற்பத்தெட்டே நாளில் சர்க்கரைக்கு விடுதலை என்றது.
முழு விலை கொடுத்து வாங்கி
மச்சான் கலியவரதனுக்கு நானே கொடுத்தேன்,
பிறந்தநாளும் அதுவுமாக.
அவர் மாத்திரையை நிறுத்தினார்.
ஆடியில் நிறுத்தினார்.
ஐப்பசியில் பெரியாஸ்பத்திரியில்
இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.
செருப்பு மாட்டும்போது மட்டும்
கொஞ்ச நேரம் ஆகும்.
நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அந்தப் புத்தகத்தை எரிக்கவில்லை.
முத்திரை போட வருகிறவர்கள்
இருபது கிலோ இரும்புக் கற்களை
மேடையில் அடுக்கி எண்ணைச் சரிபார்ப்பார்கள்.
அப்படி ஒரு கல்லாக
அது அலமாரியில் நிற்கிறது,
எறும்புக்கும் உப்புக்கும் நடுவில்.
தூசு தட்டும்போது அதையும் தட்டுகிறேன்.

இன்று நாலு எடுத்தேன்.
நிலத்தடி நீர். தூக்கம்.
பிரெஞ்சுக்காரன் காலத்துப் பாண்டிச்சேரிச் சொத்து வழக்குகள்.
நாலாவது, ரயில்வே சிக்னல் பற்றியது, மச்சானுக்கு.
அவராகத்தான் கேட்டார்.
அதை மட்டும்
இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன்.

ஜக்கரியா தராசில் வைத்தார்.
'ரெண்டே கால். நாப்பத்தஞ்சு குடு.'
புத்தகங்களை எடுத்த பிறகும்
தட்டு ஐம்பது கிராம் காட்டிக்கொண்டு நிற்கிறது.
ஒரு ரூபாய்க் கணக்கு.
சொல்லலாமா என்று யோசித்தபடி
சில்லறையை எண்ணுகிறேன்.