மூன்றரை லிட்டர்

டப்பா ஆயிரத்து ஐந்நூற்று இருபது.
பாவா விலை சொன்னதும்
மனம் தன்பாட்டில் வகுத்தது:
கிலோ பத்தொன்பது என்றால்
எண்பது கிலோ பச்சை இலை.
தேயிலை ஃபாக்டரி எடைமேசைக்குப் பின்னால்
பதினொரு வருடம் உட்கார்ந்தால்
எல்லாம் இலையாகத்தான் தெரியும்.

"இருபது-நாற்பது எடுத்துக்குங்க, நானூறு மிச்சம்."
அது மேட்டுப்பாளையத்து வெயிலுக்கு.
கோத்தகிரியில், கார்த்திகைக் காலை ஆறு மணிக்கு
ஆறிய களியாய் அடியில் கிடக்கும்,
ஸ்டார்ட்டர் அழும்.
எண்களுக்கு நடுவே நிற்கும் டபிள்யூ
வெயிட் இல்லை, விண்டர் என்பது
எனக்கே போன வாரம்தான் தெரியும்.
பிறந்ததிலிருந்து தெரிந்தவள் போலப் பாவாவிடம் சொன்னேன்.
ஐந்து-முப்பது வாங்கினேன். ஃபில்டர் நூற்றுப் பத்து.
கூலி முந்நூற்றைம்பதை
எனக்கே கொடுத்துக்கொள்வதாக முடிவு.

ஞாயிறு. வாசல் சரிவில் பழைய வேகன்-ஆர்,
சக்கரத்துக்கு இரண்டு கல்.
கீழே படுத்து நட்டைத் திருகியதும்
முழங்கை வரை கறுப்பு.
புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில்
விரலால் எண்ணெய் தடவி, கையால் இறுக்கி
எழுந்து நின்றபோது
என்னைவிட ஓரங்குலம் உயரமாக இருந்தேன்.

கட்டபெட்டுக்கு முந்தைய வளைவில்
சிவப்பாய் எரிந்தது அந்தக் கெண்டி,
மூக்கு நுனியில் ஒரு சொட்டோடு.
உடனே இஞ்சினை அணைத்தேன்.
அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம்.

திரும்பிப் பார்த்தால்
தூறலில் நனைந்த தார் மேல்
என் எண்பது கிலோ
வானவில்லாய்ப் படர்ந்துகிடக்கிறது.
மேல் வளைவில் பைக் சத்தம்.
ரோஜாத் தொட்டிகளுக்கென டிக்கியில் வைத்திருந்த
தேயிலைக் கழிவு மூட்டையைக் கிழித்துக்
கை கையாய் இறைத்தேன்.
பைக்காரன் காலை ஊன்றினான், திட்டினான், போனான்.
ரோடெல்லாம் டீ வாசம்.

கேரட் ஏற்றிய பிக்கப் ஒன்று நின்றது.
இறங்கியவரின் பெயருக்கு முன்னால்
எண்தான் ஞாபகம் வந்தது:
நானூற்றுப் பதினேழு. ஆல்துரை.
செவ்வாய்தோறும் இலை போடுகிறவர்.
போன வாரம், ஈரத்துக்கென்று
நூற்றுக்கு எட்டு கழித்து எழுதியது என் பேனா.

பேசாமல் வண்டிக்கு அடியில் போனார்.
ஃபில்டரைக் கழற்றி,
இஞ்சினில் ஒட்டிக்கிடந்த எதையோ உரித்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
நசுங்கிய ஒரு ரப்பர் வளையம், பழையது.
"இதை எடுக்காம புதுசை வெச்சிருக்கீங்க.
ஒண்ணு மேல ஒண்ணு நிக்காது."
அதைப் பெரிய தத்துவமாக்கிவிடக் கூடாதென்று
பல்லைக் கடித்துக்கொண்டேன். குளிர் வேறு.

அவர் வண்டிக்கென வைத்திருந்த டீசல் ஆயில்,
பதினைந்து-நாற்பது, மூன்று லிட்டர் ஊற்றினார்.
"வீட்டுக்குப் போகலாம். காலையில முனகும்."
பணம் நீட்டினேன், வாங்கவில்லை.
காலி டப்பாவைத் தூக்கிப் பார்த்தார்.
"மூணு லிட்டர். மழையில நனைஞ்ச டப்பா.
நூத்துக்கு எட்டு கழிச்சுக்குங்க."
சிரித்தாரா தெரியவில்லை. மஃப்ளர்.

செவ்வாய், மழை.
அவர் சாக்கைப் பிழிந்தால் சொட்டும்.
வரிசையில் முப்பது பேர்,
முப்பது பேரின் கண்ணும் என் பேனாவில்.
எட்டு என்று எழுதினேன்.
சீட்டைப் படித்தார். மடித்துப் பையில் வைத்தார்.
"வண்டி?" என்றார்.
"முனகுது" என்றேன்.